மச்சாள் தங்கச்சியாகும்போது

வளர்ப்புப் பிள்ளை இல்லாத தெரு எங்கள் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் இல்லை. 1990 இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி, 2006 இல் ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடிய ஓட்டம் என்று ஒவ்வொன்றும் சில பிள்ளைகளைத் தாய் தகப்பன் இல்லாமல் விட்டுச் சென்றது. அவர்களிற் பலரைப் பெரியம்மாவோ சித்தியோ மாமியோதான் எடுத்து வளர்த்தார்கள். "ஒரு பிடி அரிசி கூடப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லி எங்கள் பெண்கள் அந்தப் பாரத்தை ஏற்றார்கள். நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அந்த வீடுகளில் முன்பே இருந்த பிள்ளைகளைப் பற்றி எவரும் கதைப்பதில்லை. பெரியவர்கள் முற்றத்தில் இருந்து கதைத்து முடிவெடுப்பார்கள். இரவில் ஒரு பாய் கூடுதலாக விரிக்கப்படும். வீட்டுப் பிள்ளைக்குச் செய்தி தெரிவது அப்போதுதான்.

நானும் கணவரும் 2025 இல் என் தம்பியின் மகளை மகவேற்புச் செய்தோம். எங்கள் மூத்தவளுக்கு அப்போது 12 வயது, மகனுக்கு 7, வந்தவளுக்கு 4. நான் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கடற்றொழில் செய்பவர். வீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் இதற்கு ஆயத்தப்படுத்திய மாதங்களில் நாங்கள் கண்டதை, இதே முடிவின் முன் நிற்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

சைக்கிள் கேட்ட தம்பி

சுனாமி வந்தபோது எனக்கு 14 வயது. பெரியம்மாவும் பெரியப்பாவும் போய்விட்டார்கள். அவர்களுடைய 8 வயது மகனை அம்மா எங்கள் கொட்டிலுக்குக் கூட்டி வந்தா. அவன் பல மாதங்கள் கதவடியில்தான் படுத்தான். ஏன் அங்கே படுக்கிறான் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்களைப் பற்றி அவனுக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் நிவாரணம் நிறைய வந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கென்று புத்தகப் பையும், உடுப்பும், சைக்கிளும் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அதே கூரையின் கீழ் நிவாரணச் சோறு சாப்பிட்ட எங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஓர் இரவு என் தம்பி அம்மாவிடம் கேட்டான்: "அம்மா, நீங்க செத்தாத்தான் எனக்கும் சைக்கிள் தருவாங்களா?"

அம்மா அவன் வாயைப் பொத்தினா. பெரியவர்கள் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று சைக்கிள். மற்றது சாவு. சைக்கிள் எல்லோருக்கும் கேட்டது. சாவு ஒருவருக்கும் கேட்கவில்லை.

தாய் தகப்பனை இழந்த பிள்ளை ஒரு வீட்டுக்குள் வரும்போது, தாயும் தகப்பனும் இறந்து போகலாம் என்ற செய்தியும் அதோடு கூட வருகிறது. வீட்டுப் பிள்ளை அதைத் தன் கண்ணால் பார்க்கிறது. ஆகவே அதன் மனதைத் தயார்ப்படுத்துவது என்றால் பங்கு கொடுக்கப் பழக்குவது மாத்திரம் அல்ல. பயத்தை வெளியே சொல்ல இடம் கொடுப்பதுதான் முதல் வேலை.

சைக்கிள் கேட்ட அந்தத் தம்பி 2021 இல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. அப்போது அவனுடைய மகள் கைக்குழந்தை. 2024 இல் அவளுடைய தாயும் புற்றுநோயால் போய்விட்டாள். ஈச்சிலம்பற்றில் இருந்த தாய்வழி அம்மம்மா சில மாதங்கள் வைத்திருந்தா. அவவுக்கு வயதும் வருத்தமும். "மகள், நீ எடுத்தா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்" என்று அவவே என் கையைப் பிடித்துச் சொன்னா.

சட்டம் யாரைக் கேட்கிறது?

எங்கள் நாட்டில் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றும் அதுதான் அடிப்படை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை மகவேற்கலாம். எடுப்பவருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவு சிலருக்கு இந்த வயது வித்தியாசத்தில் விலக்கு உண்டு. பிள்ளை 10 வயதைத் தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்கும். கட்டளையைப் பிறப்பிப்பது மாவட்ட நீதிமன்றம்.

"சொந்தத் தம்பியின் பிள்ளைதானே, இதுக்கெல்லாம் ஏன் கோடு கச்சேரி?" என்று கேட்டவர்கள் உண்டு. பாடசாலை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, நாளை ஒரு காணித் துண்டு என்று எங்கே போனாலும் "இந்தப் பிள்ளைக்கு நீங்கள் யார்?" என்ற கேள்வி வரும். அப்போது அவள் ஒரு பதிலோடு நிற்க வேண்டும். அதனால்தான் போனோம்.

ஆனால் எங்கள் சட்டம் ஒருவரைக் கேட்பதில்லை. வீட்டில் ஏற்கனவே இருக்கும் பிள்ளையை அது கேட்பதில்லை. இந்தியாவில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் விதிகளின்படி, தத்தெடுக்கும் வீட்டில் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் ஆவணங்களோடு சேர வேண்டும். எங்களிடமும் வீட்டாரைக் கேட்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமையில், சுவீகாரம் எடுப்பவர் தன் சகோதரர் முதலிய உரித்தாளிகளின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று இருக்கிறது. சம்மதத்துக்கு அடையாளம் மஞ்சள் தண்ணீர். அதில் கேட்கப்பட்டது பெரியவர்களைத்தான். என்றாலும் ஒரு பிள்ளை வருவது வீட்டில் எல்லோருடைய காரியம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

சட்டம் கேட்காவிட்டால் என்ன, தாய் கேட்கலாம். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "தங்கச்சியை எடுக்கட்டா, வேண்டாமா?" என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. "நாங்கள் எடுக்கப் போகிறோம். உங்களுக்கு என்ன யோசனை, என்ன பயம், சொல்லுங்கள்" என்றுதான் கேட்டோம். முடிவு பெரியவர்களுடையது, கேள்வி பிள்ளைகளுடையது.

ஒரே நாளில் சொல்லி முடிக்க முடியாது

இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சொன்னோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு "மூன்று மாதம்" என்பது விளங்காது. நாள் நெருங்கியபின் சொன்னாலும் போதும். ஏழு வயதுக்குக் காலம் விளங்கும், ஆனால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மகனுக்கு நாட்காட்டியில் அவள் வந்து தங்கும் சனி, ஞாயிறுகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடக் கொடுத்தேன். முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு இரண்டு இரவு என்று அவள் வந்து போனாள். 12 வயதுக்காரிக்குப் பெரியவர்களுக்குச் சொல்வதைப் போலக் காரணத்தோடு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் அதைப் பக்கத்து வீட்டில் இருந்து தெரிந்துகொள்வாள்.

மூத்தவளின் முதற் கேள்வி: "அவளும் உங்கள அம்மா எண்டு கூப்பிடுவாளா?"

அவள் அதுவரை என்னை மாமி என்றுதான் கூப்பிட்டாள். "அவட வாயில வந்தாக் கூப்பிடட்டும். மாமி எண்டு கூப்பிட்டாலும் சரி. நாங்க சொல்லிக் குடுக்கப் போறதில்ல. நீ கூப்பிடுற அம்மா அதால குறையாது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "என்ட கட்டில் என்ட கட்டில்தானே?" என்றாள். "ஓம்" என்றேன். அந்தக் கட்டில் இன்றும் அவளுடையதுதான். புதிய பிள்ளை வருகிறது என்பதற்காக இருக்கிற பிள்ளையின் இடத்தை, தலையணையை, பொம்மையைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தானாகக் கொடுத்தால் அது வேறு.

மகன் ஒன்றும் கேட்கவில்லை. "ஓம், வரட்டும்" என்று ஓடிவிட்டான். பிறகு கிழமைக்கு இரண்டு நாள் காலையில் வயிற்று வலி என்று படுத்தான். மருந்துக்கும் போகவில்லை. கவனித்துப் பார்த்தால், தகப்பன் கடலுக்குப் போகும் நாட்களில்தான் அந்த வலி. ஒருநாள் வலையின் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த தகப்பனிடமே கேட்டுவிட்டான்: "அப்பா, நீங்களும் மாமா மாதிரிப் போயிட்டா எங்கள ஆரு எடுப்பாங்க?"

இருபது வருடங்களுக்கு முன் என் தம்பி கேட்ட கேள்வி அது. இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

"அப்பாவுக்கு ஒண்டும் நடக்காது" என்று சத்தியம் செய்து கொடுப்பது இலகு. மாமாவுக்கு நடந்ததைப் பார்த்த பிள்ளை அதை நம்பாது. கணவர் அவனைப் படகடிக்குக் கூட்டிப் போனார். உயிர்காப்பு அங்கியைக் காட்டினார். காற்றுக் கடுமை என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தால் இறங்குவதில்லை என்றும், இரண்டு படகுகள் சேர்ந்துதான் போவது என்றும் சொன்னார். பிறகு, அவன் கேட்டதற்கும் பதில் சொன்னார்: "எங்களுக்கு ஏதும் நடந்தா சித்தி பாப்பா. அவவிட்டக் கேட்டு வச்சிருக்கம். மூண்டு பேரையும் ஒண்டாத்தான் வச்சிருப்பா. பிரிக்க மாட்டா." உண்மையில் அதற்கு முன்பே தங்கச்சியிடம் கதைத்து வைத்திருந்தோம். பிள்ளைக்குச் சொல்ல முன் அந்தப் பதிலைப் பெரியவர்கள் உண்டாக்கி வைக்க வேண்டும்.

வயிற்று வலி ஒரே நாளில் நிற்கவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது.

முறை மாறுகிறது

பெரியம்மா, சித்தி பிள்ளை என்றால் எங்கள் முறைப்படி அது ஏற்கனவே அக்கா, தங்கச்சிதான். தம்பியின் மகள் என்றால் என் பிள்ளைகளுக்கு மச்சாள். அவள் பிறந்த நாள் முதல் ஊர் என் மகனைப் பார்த்து, "டேய், உன்ட பொம்புள வந்திருக்கா, தூக்கன்டா" என்று பகிடி பண்ணியது. உறவுக்குள் எல்லோரும் சொல்லும் பகிடிதான். ஆனால் இனி அவள் அவனுக்கு உடன்பிறந்தவள். கட்டளை கிடைத்தால் சட்டத்தின் கண்ணில் அவள் என் வயிற்றில் பிறந்த பிள்ளை போல.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு முன் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. என் அம்மாவிடமும், மாமன்மாரிடமும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் நானே போய்ச் சொன்னேன்: "இனி அந்தப் பகிடி வேண்டாம். அவன் அவளுக்கு அண்ணன்." ஒருவர் சிரித்தார், ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் நிறுத்தினார்கள். மகனிடம், "மச்சாள் இனித் தங்கச்சி. நீ அண்ணா" என்றபோது அவன் முகத்தில் வந்தது நிம்மதிதான். அந்தப் பகிடி அவனுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லா முறையையும் மாற்ற வேண்டும் என்றில்லை. எங்களோடு இருக்கும் என் அம்மா, என் பிள்ளைகளுக்கு அம்மம்மா, அவளுக்கு அப்பம்மா. "இனி நீயும் அம்மம்மா எண்டு சொல்லோணும்" என்று மகன் சட்டம் போட்டான். அப்பம்மா என்ற சொல் அவளுக்குத் தகப்பனிடம் இருந்து வந்தது, அதை விடச் சொல்லக் கூடாது என்று அவனுக்குச் சொன்னோம். ஒரே கிழவியை இரண்டு பெயரால் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். கிழவி இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறா.

முதலெழுத்தும் அப்படித்தான். மகவேற்புக் கட்டளையோடு பிள்ளையின் பெயரை மாற்றிக்கொள்ள இடமுண்டு. அவளுடைய முதலெழுத்து என் கணவருடையதாக மாறும் என்றபோது மூத்தவள், "அப்ப மாமாட பேரை அழிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். தம்பியினதும் மனைவியினதும் படத்தை எங்கள் சாமித் தட்டின் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். படம் மாட்ட ஆணி அடித்தது மூத்தவள்தான்.

தெருவில் கேள்வி கேட்கப்படுவது யாரிடம்?

பெரியவர்களிடம் எவரும் நேரே கேட்பதில்லை. கேள்வி எல்லாம் பிள்ளைகளிடம்தான் வரும். கிணற்றடியில், பாடசாலை வாசலில், வெருகல் கோயில் திருவிழாவில் யாராவது கேட்பார்கள்: "அது உன்ட சொந்தத் தங்கச்சியா? தாய் என்னத்தில செத்தவ? உங்கட அம்மா அவளுக்கு அடிக்கிறவவா?" பதில் தெரியாத பிள்ளை தடுமாறும், அல்லது எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

நாங்கள் வீட்டில் சொல்லிப் பழகினோம். யாராவது கேட்டால், "ஓம், என்ட தங்கச்சி." அதற்கு மேல் கேட்டால், "அத அம்மாவிட்டக் கேளுங்க." இரண்டே வசனம். பொய்யும் இல்லை, புறணியும் இல்லை. தாய் தகப்பன் எப்படி இறந்தார்கள் என்பது தங்கச்சியின் கதை. அதைச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான். அவள் வளர்ந்து சொல்லும்வரை நாங்கள் காவல் காக்கிறோம், அவ்வளவுதான்.

சண்டை வரும்போது இந்தக் கதை ஆயுதமாகவும் மாறும். "நீ எங்கட அம்மாவுக்குப் பிறக்கேல்ல" என்று ஒரு நாள் யாராவது சொல்லக்கூடும். அது முதன்முதலாகச் சண்டையில் அவள் காதில் விழக் கூடாது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படம் 2002 இல் வந்தது. அதில் வரும் சிறுமிக்கு அவளுடைய ஒன்பதாவது பிறந்த நாளில்தான் உண்மை சொல்லப்படுகிறது. அதன்பின் அந்த வீடே ஆடிப்போகிறது. எங்கள் வீட்டில் சுவரில் படம் இருக்கிறது. "இது பெத்த அம்மா, இது பெத்த அப்பா, இவங்க வளர்க்கிற அம்மா அப்பா" என்று அவள் இப்போதே விரல் நீட்டிச் சொல்கிறாள். ஒளிக்காத உண்மையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது.

வீடு யாருக்கு?

எங்கள் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். இரண்டாவது பெண் பிள்ளை வருகிறாள் என்றால் உறவினர் மனதில் வரும் கேள்வி இதுதான். மூத்தவள் பக்கத்தில் இருக்கும்போதே, "இருக்கிறது ஒரு வீடு. ரெண்டு குமருக்கு என்ன செய்யப் போறாய்?" என்று ஓர் உறவினர் கேட்டார்.

பிள்ளையின் காதில் விழுந்ததை விழாதது போல விடக் கூடாது. அன்று இரவே மூத்தவளிடம் கதைத்தோம். மகவேற்கப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் சொத்தில் வீட்டுப் பிள்ளைக்கு உள்ள உரிமையே சட்டப்படி உண்டு. அதை மறைக்கவில்லை. பின்வளவில் இன்னொரு அறை போட நினைத்திருப்பதையும், அவள் விரும்பிய மட்டும் படிக்கலாம் என்பதையும் சொன்னோம். "படிச்சு உத்தியோகம் பாத்தா நானே வீடு கட்டுவன்" என்றாள். அவளுடைய அந்த மனதைப் புகழ்ந்தேன். ஆனால் அதைச் சாட்டாக வைத்து அவளுடைய பங்கைக் குறைக்க மாட்டோம் என்றும் சொன்னேன். நல்ல பிள்ளைகளிடம்தான் நாங்கள் அதிகம் பறித்துவிடுகிறோம்.

வந்த பிறகு

ஆயத்தம் எவ்வளவு செய்தாலும் முதல் மாதங்கள் சிரமம்தான். சின்னவள் சோற்றை உருட்டித் தலையணையின் கீழ் வைத்தாள். இரவில் எழும்பி நான் மூச்சு விடுகிறேனா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அவள் கேட்டது பசிக்காக இல்லை, களவாகவும் இல்லை, பயத்தினால் என்று மற்றப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினோம். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் பொறுமையாக இருப்பார்கள். பிறகு ஒருநாள் மகனே ஒரு பிஸ்கட் டின்னை அவளுடைய பாயடியில் வைத்து, "இது உனக்குத்தான், முடிஞ்சாச் சொல்லு" என்றான்.

மகனும் பின்னுக்குப் போனான். நிறுத்தியிருந்த விரல் சூப்புவது திரும்பி வந்தது. சில நாள் பாயை நனைத்தான். புதிய பிள்ளை வந்த வீட்டில் இது வழமை. ஏசினால் கூடும், ஏசாவிட்டால் போகும். ஒவ்வொரு பின்னேரமும் அவனோடு மட்டும் அரை மணித்தியாலம் கடற்கரைக்குப் போனேன். அந்த நேரத்தில் சின்னவள் வருவதில்லை. மூத்தவளுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நேரம். மூத்தவளை இரண்டாவது தாயாக்கிவிட வேண்டாம். அவளுக்கும் வயது 12 தான்.

"தங்கச்சி பாவம், தாய் தகப்பன் இல்லாதவள், விட்டுக்குடு" என்ற வசனத்தை எங்கள் வீட்டில் விலக்கி வைத்தோம். பாவம் என்று ஒரு பிள்ளையை உயர்த்தினால் மற்றது தாழும். தூக்கப்பட்டதும் தனித்துப் போகும். வாங்குவது என்றால் மூன்று, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. ஏச்சும் மூன்று பேருக்கும் ஒன்றுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வரப்போகிறது என்றால், முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அல்லது நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போங்கள். வழியை அவர்கள் சொல்வார்கள். வீட்டைப் பார்க்க வரும்போது உங்கள் பிள்ளைகளோடும் அவர்கள் கதைக்கலாம். "இப்படிச் சொல்லு" என்று பாடமாக்கிக் கொடுக்காதீர்கள். பயப்படுகிறேன் என்று பிள்ளை சொன்னால் அது குற்றம் அல்ல.

அதற்கு முன், விளக்கணைத்தபின் பாயில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு என்ன பயம்?" இருட்டில் பிள்ளைகள் சொல்வார்கள். சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். வரப்போகும் பிள்ளைக்கான இடம் அங்கேதான் முதலில் உண்டாகிறது.